கருநாக்குக் கம்பவுண்டர்

1. வாழைக்காய் வியாபாரி

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் இருந்தது நான் வேலை பார்த்த மருந்துக்கடை. எழுபதுகளின் தொடக்கம். மதுரையில் டி.பார்ம் முடித்து, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. வெள்ளைக் கோட்டு போட்டாலும் கம்பவுண்டர், கழற்றி மாட்டினாலும் கம்பவுண்டர்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து கவுண்டரில் சாய்ந்தார்.

"வாயு தம்பி. மாத்திரை ஒண்ணு குடு. சோடாவ வெளிய குடிச்சுக்கிறேன்."

மார்கழிக் குளிர். அவருக்கோ நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். கையும் வலிக்கிறதா என்று கேட்டேன். "ஆமா, காலையில வாழைத்தார் தூக்குனேன்ல" என்றார்.

"ஐயா, இது வாயு மாதிரி தெரியல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டரைப் பாருங்க. நான் வண்டி பிடிச்சு விடுறேன்."

"அடப் போப்பா. மாத்திரை கேட்டா பாடை கட்டுறியே!" என்று சிரித்தார். எதிர்க்கடையில் வாயு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எதிர்க்கடைக்காரரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாரடைப்புக்கு வாயு மாத்திரை விற்ற அந்தப் புண்ணியவான், துக்க வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இறந்தவரின் மனைவி என்னைக் கை காட்டி அழுதார்.

"நல்லா நடந்து போன மனுசன். இந்தா, இவரு வாயில விழுந்தாக, போயிட்டாக!"

அப்புறம் கண் குழிந்த ஒரு கைக்குழந்தை. வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏற்கெனவே தாமதமாகிவிட்டிருந்தது, பிழைக்கவில்லை. கழுத்து விறைத்துப்போன காய்ச்சல்காரர் ஒருவரும் அப்படியே. இவ்வளவு போதாதா? எனக்குக் கருநாக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொன்னது பலிக்கிற நாக்காம். நல்லது சொன்னால் பலிக்காதாம், கெட்டது மட்டும் பலிக்குமாம். படித்தவன், பாமரன், வக்கீல், குமாஸ்தா என்று ஒருவர் பாக்கியில்லாமல் நம்பினார்கள்.

2. கடைக்குள் ஒரு கோர்ட்டு

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்து கேட்டாலும் நாலு கேள்வி கேட்காமல் கொடுக்க மாட்டேன். யாருக்கு? எத்தனை நாளாக? சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா? சளியில் ரத்தம் தெரிகிறதா? உடம்பு இளைக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இடித்தால் மருந்தை உள்ளே வைத்துவிட்டு, டாக்டரைப் பாருங்கள் என்பேன். சாதாரணத் தலைவலி, தடுமன் என்றால் கொடுத்துவிடுவேன்.

முதலாளிக்கு இது ஆகாது. வியாபாரக் குடும்பம், நல்ல மனிதர்தான், ஆனால் வந்த ஆள் வெறுங்கையோடு படியிறங்கினால் அவருக்கு உயிரே போய்விடும்.

"ஏப்பா, நாம கடை நடத்துறமா, கோர்ட்டு நடத்துறமா? அங்கன வக்கீல் கேக்குறதுக்கு மேல இங்கன நீ குறுக்கு விசாரணை பண்ணுற. கேட்டதக் குடுத்துட்டுப் பேசாம இரு."

"ஏதாவது ஆயிருச்சுன்னா முதலாளி?"

"எதுத்த கடையில மட்டும் ஆகாதாக்கும்?"

சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். ஆனாலும் கேள்விகளை நிறுத்தவில்லை.

நிறுத்தாததற்கு ஊர் ஒரு மாற்று வைத்திருந்தது. ஒருநாள் பக்கத்து டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் இன்னொருத்திக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கம்பவுண்டரு எத்தன நாளாம்பாரு. நேத்துல இருந்துதான்னு சொல்லு. ஒரு மாசம்னு உண்மையச் சொல்லித் தொலைச்சுராத, டாக்டர்னுருவாரு. அவரு வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னா ஆளு தேறாது, ஆமா."

"சளியில ரத்தம் வருதான்னு கேட்டா?"

"ஆத்தாடி! இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்துக் கூண்டில் ஏற்றுகிற ஊர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டாவது பெண்ணுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு முன்பே எத்தனை பேர் இப்படிப் பாடம் படித்துவிட்டு வந்து மருந்து வாங்கிப் போனார்கள் என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

3. பாட்டிலில் ஒட்டிய காகிதம்

என் அக்கா ராமுத்தாயை மார்க்கையன்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தோம். நெல்லும் வாழையுமாக விவசாயக் குடும்பம். அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டதால் என்னை வளர்த்ததெல்லாம் அக்காதான். பள்ளிக்கூடத்தில் எவனாவது என்னை அடித்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவாள். அவள் குரல் தெருக்கோடி வரை கேட்கும்.

அவள் பக்கத்து வீட்டு லட்சுமி, சந்தைக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து இருமல் மிக்சர் வாங்குவாள். அந்தக் காலத்தில் மிக்சரை நாங்களே கலந்து, அவரவர் கொண்டுவரும் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒவ்வொரு கம்பவுண்டர் வெட்டும் ஒரு தினுசு.

"யாருக்கு லட்சுமி?"

"எங்க வீட்டுக்காரருக்குண்ணே."

"எத்தனை நாளா?"

"நேத்துல இருந்துதான். பீடி குடிக்கிறாக, என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாக."

"போன சந்தைக்கும் வாங்குனியே?"

"அது அவுக அம்மாவுக்குண்ணே."

அதற்கடுத்த முறை அவள் மகனுக்கு. ஒரு வீட்டில் ஆளுக்கு ஆள் இருமுவது ஆச்சரியமில்லை. பதில்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஊற்றிக் கொடுத்தேன்.

தை மாதம் அந்த ஊரில் சாமி கும்பிடு என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் பல மாதமாக, வயல் வேலை, நாற்று, அறுப்பு என்று ஏதாவது சொல்லி அவள் என்னைப் பார்க்க வராமலே இருந்தாள். அக்காதான் கதவைத் திறந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது.

அடுப்படி ஜன்னலில் ஒரு பாட்டில். அதன் பக்கவாட்டில் காகிதம். என் கத்தரி வெட்டு எனக்குத் தெரியாதா?

"யாருக்குக்கா இது?"

பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். எடுத்ததும் அதைச் சுருட்டி மறைத்தாள். மறைத்தால் தெரியாதா, சிவப்பு.

"எத்தனை மாசமா?"

"ஆடியில இருந்து."

"அடிப்பாவி! நான் ஒருத்தன் அங்கன மருந்துக்கடையில உக்காந்திருக்கேன்! எங்கிட்டச் சொல்ல என்ன கேடு? நாளைக்கே டாக்டரை…"

பாய்ந்து வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். கை கொதித்தது.

"சொல்லாதடா தம்பி. ஒன் கால்ல வேணாலும் விழுறேன். நீ அந்த வார்த்தையச் சொல்லி யாருடா பொழைச்சிருக்காக? எனக்குப் பிள்ளைக இருக்குடா."

அழுதேன். அன்றே வண்டி பிடித்துக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் அரித்துக் கிடந்தன. டி.பி.க்கு அப்போது மருந்து இருந்தது. ஆடியில் பார்த்திருந்தால் ஊசியும் மாத்திரையுமாகத் தேற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"நீங்க மருந்துக்கடையிலதானே இருக்கீங்க? இத்தனை நாள் என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

மிக்சர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

4. பார்மசி படிக்கும் இளைஞர்களுக்கு

எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், கை வரை இறங்கும் நெஞ்சுவலி, கண் குழிந்த குழந்தை. எல்லாம் சரி, மனப்பாடம் செய்யுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். சாகக் கிடப்பவனை மட்டும் அனுப்பாதீர்கள். பிழைக்கப் போகிறவனையும் அனுப்புங்கள். லேசான சந்தேகம் வந்தாலே, சிரித்துக்கொண்டே, ஒரு எட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். போனவர்களில் பத்துப் பேர் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாக, வீண் அலைச்சல்" என்று உங்களைத் திட்ட வேண்டும். அந்தத் திட்டுதான் பதினோராவது ஆளைப் பயமில்லாமல் போக வைக்கும். நான் முற்றிய கேஸ்களை மட்டும் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். அந்த வார்த்தைக்கே பிண வாடை ஏறிவிட்டது. பிறகு யார் அதைக் கேட்கத் துணிந்து உண்மையைச் சொல்வார்கள்?

இதைக் கற்றுக்கொண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில். கடைசி நாட்களில் அக்காவுக்குக் குரலே போய்விட்டது. ஒருநாள் என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். காதை அவள் வாயருகே வைத்தேன்.

"தம்பி, ஒன் நாக்கு பலிக்கும்ல. நான் பொழைச்சுக்குவேன்னு ஒரு தடவ சொல்லுடா."

சொன்னேன். அவள் கேட்டது ஒரு தடவை. நான் பல தடவை சொன்னேன். அது மட்டும் பலிக்கவில்லை.