நல்லுறவு ஏணியின் பத்தாம் படி

வேலையில் இருந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் நான் எழுதிய சுற்றறிக்கைகளை யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு விதியை எல்லோரும் வரி பிசகாமல் பின்பற்றி நான் பார்த்தது ஒரே ஒருமுறைதான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இடம், காரைக்காலில் எங்கள் அத்தை வீட்டுக் கூடம்.

பிரான்சில் சொல்தாவாக, அதாவது பட்டாளத்துச் சிப்பாயாக இருந்த சித்தப்பாவிடமிருந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு பெட்டி வந்திருந்தது. திறந்தால் அட்டைப் பலகையில் ஓர் ஆறு, ஒரு பாலம், இரண்டு கோட்டைகள். சிவப்பிலும் நீலத்திலும் ஈட்டி பிடித்த வீரர்கள், குதிரைகள், தானிய வண்டிகள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் என்று எழுதி, அத்தை முகவரிக்கு அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுக்கு அனுப்பினால் பெரியப்பா வீட்டுக்குப் போகாது, அங்கே அனுப்பினால் இங்கே வராது என்பது அவ்வளவு தூரத்தில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். நான் பிறந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, அந்தக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கெடு முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது அப்பாவின் கட்சி. சொன்னேன் என்பது பெரியப்பாவின் கட்சி. அறிவிப்பை ஊரெல்லாம் ஒட்டியிருப்பார்களே, அப்பா ஏன் பார்க்கவில்லை என்று பின்னாளில் எனக்குத் தோன்றியதுண்டு. கேட்டதில்லை.

அந்த வருடம் கோடையில் பெரியப்பா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. போவதற்குள் தம்பிகள் இருவரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று, அவர்களுக்கு மூத்தவரான அத்தை ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவந்தார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. சீட்டுப் போட்டதில் சின்னக் கோட்டை எனக்கு விழுந்துவிட்டது என்பதுதான் என் கவலை. என்னிடம் ஆறு வீரர்கள். பெரியப்பா மகனிடம் பதினான்கு வீரர்கள், போதாததற்குப் பாலமும். என்னைவிட ஒரு வயது மூத்தவன், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் பிரெஞ்சு வகுப்பில் படித்தான், நான் தமிழ் வகுப்பில். அந்தப் பெருமை வேறு அவனுக்கு.

விதிப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. கன்னியர் மடத்தில் படித்த அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

தவக்காலத்தில் எந்த அரசனும் எந்தக் கோட்டையையும் தாக்கக் கூடாது. அந்த நாற்பது நாளில் நல்லுறவை வளர்த்துக்கொள்ளலாம். நல்லுறவுக்குப் பத்துப் படிகள். உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்குள் பத்தாம் படி ஏறிவிட்டால் போர் கிடையாது. ஏறாவிட்டால் மறுநாள் பாலத்தைக் கடக்கலாம். தானிய வண்டி ஒன்றைப் பரிசாக அனுப்பினால் ஒரு படி. ஆனால் தூதுவர் அடுத்த அரசனின் வீட்டுக்கே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தூதுவருக்குத் தின்ன ஏதாவது தர வேண்டும். தராவிட்டால் இரண்டு படி இறக்கம்.

"நெசமாவே அவங்க வீட்டுக்குப் போகணுமா அத்தே?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கே. நான் என்ன பண்றது?"

அண்ணன் அத்தையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இவ்வளவு சொல்லிட்டீங்க, இன்னும் மொதப் பக்கத்தையே திருப்பலையே அத்தே."

"எழுத்து பொடியா இருக்குடா. நீ காய அடுக்கு."

அவன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் காய்களை அடுக்கினான். படிகளைக் குறிக்கும் ஏணி பெட்டியில் இல்லை. சுங்கத்தில் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றார் அத்தை. சட்டைப் பெட்டி அட்டையில் பென்சிலால் ஓர் ஏணி வரைந்து, முதல் படியில் ஒரு பொத்தானை வைத்தார்.

முதல் தூது நான்தான் போனேன். பெரியம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மனப்பாடமாகச் சொன்னேன். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தார். தெருவைக் கடந்து திரும்பியதும் அம்மா பிடித்துக்கொண்டார்.

"என்னடி குடுத்தாங்க?"

"கேசரி."

"முந்திரி போட்டிருந்துச்சா?"

"ரெண்டு."

மறுநாள் அண்ணன் தூது வந்தபோது அம்மா இறால் வைத்து, வாடா என்கிற எங்கள் ஊர்ப் பலகாரம் சுட்டு வைத்திருந்தார். அவன் நான்கு தின்றான். அதற்கடுத்த நாள் பெரியம்மா எனக்கு முட்டை வைத்த பணியாரம் ஒன்று கொடுத்தார். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அம்மா அன்று முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக் கிண்ணம் அங்கேயும் அவர்கள் வீட்டுத் தட்டு இங்கேயும் இருந்தன. பொத்தான் ஆறாம் படியில் இருந்தது. என் ராஜதந்திரத்தை நினைத்து எனக்கே வியப்பாக இருந்தது. பதினான்கு வீரர்களை வைத்துக்கொண்டு இவன் இப்படி ஏமாறுகிறானே என்று பரிதாபமும் பட்டேன்.

அப்பா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: "இந்த வெளையாட்டு என்னிக்கு முடியும்?"

புனித வாரத்தில் பொத்தான் ஒன்பதை எட்டியது. பத்தாம் படிக்கான விதியை அத்தை அப்போதுதான் படித்தார். உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அரசர்கள் இருவரும் மைனர்கள் என்பதால் அவரவர் தகப்பனார் கையெழுத்திட வேண்டும். இதைவிடச் சரியான விதியை நான் பிறகு எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அப்பா வர மறுத்தார். நான் அழுதேன். என் ஆறு வீரர்களும் திங்கட்கிழமை செத்துவிடுவார்கள் என்று சொல்லி அழுதேன். உயிர்ப்புக்கு முந்தின சனிக்கிழமை மாலை, அப்பா கூடத்தின் ஒரு கோடியில் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியப்பா மறுகோடியில். நடுவில் பலகை. நான் எழுதிய உடன்படிக்கையைப் பெரியப்பா படித்துவிட்டு அத்தையிடம் சொன்னார்:

"தேதி போடலையே."

அப்பாவும் அத்தையிடம்தான் சொன்னார். "தேதி, கெடுவெல்லாம் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். எழுதிக்கச் சொல்லுங்கக்கா."

"நான் தூதுவர் இல்லப்பா," என்றார் அத்தை. "ஆள் எதிர்லதானே இருக்கு."

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்து சொன்னேன்டா. காச்சல்ல படுத்திருந்த. சரி சரின்னு தலைய ஆட்டுன."

"காச்சல்ல கெடக்கறவன் எதுக்குத்தான் தலைய ஆட்ட மாட்டான்? மறுநாள் வந்து கேட்டிருக்கலாம்ல?"

"மறுநாளும் வந்தேன். நீ தூங்கிட்டிருந்த."

"எழுப்பக் கூடாதா?"

"எழுப்பினா திட்டுவியேடா."

விளக்கு வைக்கும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். குரல் ஏறியது, இறங்கியது. இடையில் பெரியம்மாவும் அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள். யாரோ காபி போட்டார்கள். கடைசியில் அப்பா, சிறுவயதில் பெரியப்பா அவரைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போன கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்தார். உடன்படிக்கை பலகைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதன்மேல் யாரோ காபி டம்ளரை வைத்திருந்தார்கள்.

"அத்தே, கையெழுத்து!" என்றேன்.

அத்தை பொத்தானைப் பத்தாம் படியில் நகர்த்திவிட்டுப் பெட்டியை மூடினார். "செல்லும், விடு."

கையெழுத்தில்லாத தாள் எப்படிச் செல்லும் என்று நான் மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. அடுத்த மாதம் பெரியப்பா குடும்பம் கிளம்பியபோது பெரிய பெட்டியை அப்பாதான் பஸ் நிலையம்வரை தூக்கிக்கொண்டு போனார். அதையும் எனக்கு நடந்த அநியாயத்தையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அத்தை இறந்த பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. அலுவலகத்துக்காகப் பிரெஞ்சு கொஞ்சம் படித்திருந்ததால் விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் நாலு பக்கம். பாலம் கடப்பது, கோட்டையை முற்றுகை இடுவது, தாயக்கட்டையில் எத்தனை விழுந்தால் எத்தனை வீரர்கள் சாவார்கள் என்பது. தூதுவர் இல்லை, ஏணி இல்லை, தவக்காலம் இல்லை. முதல் பக்கத்தின் முதல் விதி, முதல் ஆட்டத்திலேயே தாக்கலாம் என்றது. பெரிய எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள்.

அத்தையின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் ஞாபகத்துக்கு வந்தான். வகுப்பிலேயே நன்றாகப் பிரெஞ்சு வாசிக்கிறவன் என்று பரிசு வாங்கியவன் அவன். பதினான்கு வீரர்களோடு முதல் நாளே பாலத்தைத் தாண்டியிருக்கலாம். காய்களை அடுக்கிவிட்டு, தன் முறை வந்தபோதெல்லாம் தெருவைக் கடந்து வந்து, எங்கள் வீட்டில் வாடா தின்றுவிட்டுப் போனான்.

அந்தக் கூடத்தில் அதையெல்லாம் விதி என்று நம்பி ஆடியவள் நான் ஒருத்திதான்.