சாலமோன் செய்த பலாத் தொட்டில்

சாலமோன் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்தவர். அங்கே முட்டுக்குக் காயாத பச்சை மரத்தைத்தான் நம்புவார்கள். உடையும் முன் அது முனகும். ஆட்கள் ஓடித் தப்பலாம்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மகள் ஷீலாவின் வீட்டுக் கொல்லையில் காய்க்காத மரம் ஒன்று மழையில் சாய்ந்தது. அறுத்ததும் உள்ளே தெரிந்த மஞ்சள் வைரக்கட்டையையும் கையில் ஒட்டிய பாலையும் பார்த்து, பலா என்றார் சாலமோன். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் செய்ய ஆசைப்பட்டார்.

"குச்சி வெச்சு அடுக்கி, ஒரு வருஷமாவது நிழல்ல காயவிடுங்க," என்றார் மரத்தைப் பலகையாக அறுத்துக் கொடுத்த மில்காரர்.

"பாதி ஆயுசு பச்ச மரத்துக்கு அடியிலதான் நின்னேன், போப்பா," என்று சிரித்தார் சாலமோன். காயவிடாமலே தொட்டிலைச் செய்து முடித்தார்.

பேத்தி பிறந்தாள். ஒருநாள் அவள் தூங்கும்போது தொட்டில் படாரென்று வெடித்தது. சாலமோன் குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், பக்கப் பலகை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

"கம் போட்டு ஒட்டிடலாம்ப்பா," என்றாள் ஷீலா.

"உள்ள இன்னும் ஈரம்மா. நாளைக்கு வேற எடத்துல பிளக்கும். சுரங்கத்துல சத்தம் கேட்டா நாங்க ஓடுவோம். இந்தக் கொழந்த ஓடுமா?"

அன்றே தொட்டிலைப் பிரித்து, மேலும் வெடிக்காமலிருக்கப் பலகை நுனிகளில் மெழுகு தடவி, குச்சி வைத்து நிழலில் அடுக்கினார். மனைவி கிரேஸ் கூரைக் கொக்கியில் சேலையால் ஏணை கட்டினாள்.

"இது காயறதுக்குள்ள பொண்ணு நடந்துடுவா," என்றாள் பலகைகளைப் பார்த்து.

சாலமோன் ஏணையின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். குழந்தை தூங்கிய பிறகும் அங்கிருந்து நகரவில்லை.