ஆடிக் கிருத்திகையில் வேலை தேடிப் போனது

காலை மணி ஐந்து பத்து. சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் பாசஞ்சர் புறப்பட்டது. திருத்தணிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் ஓரணா. தூரம் ஐம்பத்திரண்டு மைல். உட்கார இடம் கிடைத்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகையன்று அந்த வண்டியில் ஒரு காலை ஊன்ற இடம் அகப்பட்டாலே பாக்கியம். இன்னொரு காலை நான் அரக்கோணத்தில் இறங்கித்தான் தரையில் வைத்தேன்.

நான் சாமி கும்பிடப் போகவில்லை. வேலை கேட்கப் போனேன். யுத்தத்தின்போது நாலு வருஷம் அஸ்ஸாம் எல்லையில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்தவன் நான். காயம் கட்டுவது, ஊசி போடுவது, செத்தவனின் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்புவது எல்லாம் தெரியும். யுத்தம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள். சென்னையில் எட்டு மாதமாக ஐந்து சிபாரிசுக் கடிதங்களோடு ஐந்து ஆபீஸ் ஏறி இறங்கினேன். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நான் முன்கோபி வேறு. ஓரிடத்தில் மானேஜரோடும் இன்னோரிடத்தில் வாசல் காவல்காரனோடும் சண்டை.

ஆறாவது கடிதத்தை என் மாமா எழுதி ஒட்டிக் கொடுத்தார். அவர் வீட்டில்தான் நானும் என் அம்மாவும் தங்கியிருந்தோம். பள்ளிப்பட்டுச் சாலையில் அரிசி மில் வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்குக் குமாஸ்தா தேவை. அவர் வருஷா வருஷம் கிருத்திகைக்கு மலை ஏறுவார். புது ஆளை அங்கேயே, சாமி முன்னால் பேசி முடிவு செய்வது அவர் வழக்கம். மாமா அவருடைய போட்டோ ஒன்றையும் காட்டினார். மீசை ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது.

“இந்த மீசையைத் தேடிப் புடி. இதுவும் தட்டிப் போச்சுன்னா, சொல்லிட்டேன், எனக்கு இதுக்கு மேல தெரிஞ்ச ஆளுங்க யாரும் இல்லை” என்றார் மாமா. அம்மா என் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டாள்.

காலை எட்டே கால். திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஸ்டேஷன் பலகையில் தெலுங்கும் இருந்தது, மக்கள் வாயில் இரண்டும் கலந்து இருந்தது. வெளியே வந்து மலையைப் பார்த்ததும் என் காலே நின்றுவிட்டது. படி மொத்தம் முன்னூற்று அறுபத்தைந்து என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு படிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அடிவாரம் முதல் கோபுரம் வரை பூக்காவடிதான். சாமந்தியும் அரளியும் மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தன. ‘அரோகரா’ சத்தம் ஒரு மைலுக்கு இந்தப் பக்கம் நின்ற என் நெஞ்சில் வந்து இடித்தது. பர்மா எல்லையில் பெரிய படைகள் நகர்ந்ததைப் பார்த்தவன்தான் நான். ஒருவரும் உத்தரவு போடாமல் இத்தனை ஜனம் ஒரே திசையில் போவதை அதுவரை பார்த்ததில்லை.

ஜட்கா வண்டிக்காரர் அடிவாரத்துக்கு நாலணா கேட்டார். மற்ற நாளில் ஓரணாவாம். ஏறப் போனவனைக் கையால் தடுத்தார்.

“ஊசி போட்டாச்சா?”

“பட்டாளத்துல போட்டதுங்க.”

“அது போன வருஷத்துக் கதை. கையில ஊதா மை இருக்குதா, காட்டு.”

இல்லை. அவர் என்னை ஏற்றிக்கொண்டு போய், நான் கேட்ட இடத்தில் விடாமல், சரவணப் பொய்கைக் கரையில் ஒரு கூடாரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் காதில் வாங்கவே இல்லை.

காலை ஒன்பது. திருவிழாக் கூட்டத்தில் வாந்திபேதி பரவாமல் இருக்க ஊசி போடும் கூடாரம் அது. இரண்டு மேஜை, இரண்டு வரிசை. ஒரு மேஜையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் ரமணம்மா. ஊரில் எல்லோருக்கும் ‘ஊசி அம்மா’. தமிழில் ஒருவரை அதட்டி, தெலுங்கில் அடுத்தவரைக் கொஞ்சி, கை மட்டும் நிற்காமல் வேலை செய்தது. இன்னொரு மேஜை காலி. அதற்குரிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அந்த வரிசை அப்படியே நின்றது.

என் முறை வந்தது. போட்டுக்கொண்டேன். கையில் ஊதா முத்திரை விழுந்தது. அதோடு நான் போயிருக்க வேண்டும். மீசையைத் தேட வேண்டிய நேரம் அது. ஆனால் காலி மேஜையில் ஸ்பிரிட் விளக்கின்மேல் ஊசிகள் கொதித்து, எடுக்க ஆளில்லாமல் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அம்மா, எனக்கு இந்த வேலை தெரியும். நாலு வருஷம் செஞ்சிருக்கேன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தார். “எங்க, அந்தக் கைக்குப் போடு, பாக்கலாம்.”

அவர் காட்டியது ஒரு தடித்த கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்நீரோ ஆவியோ பட்ட பழைய தழும்பு. தழும்பைத் தவிர்த்து மேல்கையில் போட்டேன். கைக்குச் சொந்தக்காரர், “போட்டுட்டியா இன்னா?” என்று கேட்டார். நான் அதற்குள் அடுத்த கைக்குப் போயிருந்தேன். ஊசி போடுகிறவன் முகம் பார்ப்பதில்லை. கை, பஞ்சு, கை, பஞ்சு. அரை மணி நேரம் உதவிவிட்டு மலை ஏறலாம் என்று நினைத்தேன்.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு தகராறு. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து நெசவுக்காரர்கள் நாற்பது பேர் காவடியோடு வந்தார்கள். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு. அவர்களுக்கு முன்னால் வந்தவர் வரிசையில் நிற்க மறுத்துவிட்டார்.

“காப்பு கட்டிகினு இருக்கோம்மா. மலை ஏறி எறங்கற வரைக்கும் ஒடம்புல ரத்தம் காணக் கூடாது. எங்க பக்கம் வழக்கம் அது.”

ரமணம்மா வாதாடவில்லை. “சரி நைனா, போய் மொட்டை போட்டுக்கோங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது பேரை விட்டுவிடுவதா? நான் வாயைத் திறக்க, அவர் கண்ணாலேயே அடக்கினார்.

கூடாரத்துக்கு அடுத்ததுதான் முடி எடுக்கும் கொட்டகை. முப்பது நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் முனுசாமி, தலையைக் குனிந்தவரின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஊசி போட்டாச்சா?”

“காப்பு கட்டி...”

“அதான் கேட்டேனே. மை இல்லாத தலையில நான் தண்ணி தெளிக்கறதில்ல பாவா. நானும் மாட்டேன், இந்த முப்பது பேர்ல எவனும் மாட்டான்.”

“ரத்தம் வரும்யா.”

“என் கத்தி பட்டு நாலு எடத்துல கீறுதே, அது இன்னா சந்தனமா? போன தபா உனக்கே காதாண்ட கீறிச்சி, ஞாபகம் இருக்குதா?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “வாந்திபேதி வந்துச்சே, அந்தக் கெட்ட வருஷம் திருவிழா முடிஞ்சு எட்டு நாள்ல என் தெருவுல ஒம்போது பேரு போனாங்க. என் சம்சாரம் மொத ஆளு. போய் ஊசி போட்டுகினு வா. நான் இங்கியேதான் இருப்பேன்.”

நாற்பது பேரும் திரும்பி வந்தார்கள். முடி இறக்காமல் காவடி மலை ஏறாது. மை இல்லாமல் முடி இறங்காது. பூக்காரிகள்கூட மை இல்லாத கைக்கு மாலை கொடுக்கவில்லை. காலையில் என்னை இழுத்துவந்த ஜட்காக்காரரும் இந்தக் கூட்டணிதான் என்று அப்போது உறைத்தது. எந்தச் சர்க்கார் தாளிலும் இது எழுதப்படவில்லை. ரமணம்மா வருஷக் கணக்காக ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று பேசி முடித்த ஏற்பாடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு வருஷப் பட்டாளத்தில் எந்த அதிகாரியைப் பார்த்தும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

நடுப்பகல். ஊசி கொதிக்கும் இடைவெளியில் ரமணம்மா சொன்னார்: “புரட்டாசில திருப்பதி. கார்த்திகைல திருவண்ணாமலை. திருவிழாவுக்குத் திருவிழா நாங்க போய்கினே இருப்போம். ஆள் பத்தல. தினக்கூலி ஒண்ணேகால் ரூபா. வேலை நிரந்தரமாவறதுக்கு ரெண்டு வருசம் ஆவும், ஆவாமயும் போவும். வர்றியா?”

பாக்கெட்டில் ஆறாவது கடிதம் வேர்வையில் நனைந்திருந்தது. இஸ்திரி போட்ட அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

“சரி, சாப்ட்டு அரை மணில வந்துடு” என்றார்.

நான் சாப்பிடப் போகவில்லை. மீசையைத் தேடிப் போனேன். அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை மொட்டைத் தலை, சந்தனம், மழித்த முகம். கிருத்திகையன்று திருத்தணியில் மீசையை அடையாளம் வைத்து ஆள் தேடுகிறவன் பட்டணத்தானாகத்தான் இருக்க முடியும். முனுசாமியிடம் போட்டோவில் பார்த்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அந்த மீசையா? காலைல ஒம்போதரைக்கே இந்தக் கையாலதான் எறக்கினேன். மேல மண்டபத்துல குந்திகினு இருப்பாரு. மில் பாய்லர்ல வெந்த தழும்பு இருக்கும், வலது கையில.”

அந்தக் கை எனக்குத் தெரியும். அன்று நான் போட்ட முதல் ஊசி அதில்தான்.

மணி ஒன்றரை. மூச்சு வாங்க மேலே ஏறி, மண்டபத்தில் முகங்களைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். தூணோரம் தழும்பு, அதற்குக் கீழே ஊதா மை. கும்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். மொட்டைத் தலையோடு சாதுவாக இருந்த முதலாளி அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீதானே எனக்கு ஊசி போட்டவன்? வலியே தெரியலியே. இதுல எழுதியிருக்கற ஆளு நீ இல்லியே” என்று கடிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

மாமாவின் கையெழுத்து. ‘பையனுக்குத் தொழில் ஒன்றும் தெரியாது. கோபக்காரன். விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. ஏதாவது ஒரு மூலையில் உட்கார வைத்துக் கருணை செய்ய வேண்டும்.’ மாமா நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்னைப் பற்றி இப்படிச் சொல்லித்தான் எட்டு மாதமும் கதவு தட்டினோமோ என்று அவமானமாக இருந்தது.

“அது கிடக்கட்டும். மாசம் நாப்பத்தஞ்சு ரூபா. நாளன்னிக்கு வந்து சேந்துடு” என்றார் முதலாளி.

கிடைத்துவிட்டது. ஒரே வார்த்தையில் கிடைத்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல், காற்று வாங்க மதிலோரம் வந்து கீழே பார்த்தேன். பொய்கை, கூடாரம், கொட்டகை எல்லாம் தெரிந்தன. கூடாரத்துக்கு இரண்டு வரிசை. ஒன்று நகர்ந்தது. மற்றொன்று கரையைச் சுற்றி வளைந்து அசையாமல் நின்றது. அது என் வரிசை. வெயிலில் நின்று அலுத்த சிலர் வரிசையை விட்டு விலகி, வேறு பாதையாகப் படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். இத்தனை உயரத்திலிருந்து யார் முகமும் தெரியவில்லை. முனுசாமியின் ஒன்பது பேர் நினைவுக்கு வந்தார்கள்.

திரும்பி வந்து முதலாளியைக் கும்பிட்டேன். “மன்னிச்சிடுங்க. உங்க மில்லுக்கு நல்ல ஆளு கிடைப்பாங்க. கீழ என் வரிசை நிக்குது.”

“அது தினக்கூலிய்யா. பைத்தியமா நீ?”

“ஆங், தெரியும்ங்க” என்றேன். படிகளை எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

ரமணம்மா தலை நிமிரவில்லை. “சாப்ட இவ்ளோ நேரமா?” என்று ஊசியை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று நினைத்திருப்பார். பொழுது சாயும்வரை போட்டோம். கடைசியில், “புரட்டாசிக்கு வர்றேம்மா” என்றேன். “வரலைன்னா ஆளனுப்பி இஸ்துகினு வரச் சொல்லியிருப்பேன்” என்றார்.

மாலை ஆறரை. கிளம்பும்போது முனுசாமி கத்தியைத் துடைத்துக்கொண்டே, “திருவண்ணாமலைல என் மச்சான் சத்திரத்து வாசல்ல குந்திகினு இருப்பான். என் பேரைச் சொல்லு, தங்க எடம் காட்டுவான்” என்றார். பூக்காரம்மாவின் தங்கை திருப்பதியில் இருக்கிறாளாம். அதே ஜட்காக்காரர் வந்தார். திரும்ப இரண்டணாதான் வாங்கினார். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது ஒரு போர்ட்டர், “திருத்தணில ஊசி போட்டவர் நீங்கதானே?” என்று பெஞ்சில் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்தச் செய்தி என்னை முந்திக்கொண்டு எந்த வண்டியில் வந்ததோ, ஆச்சரியம் தீரவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு எட்டு மாதத்தில் கிடைத்த அறிமுகம் வாசல் காவல்காரன்தான். அந்த மலையடியில் ஒரே பகலில் மூன்று ஊருக்கு மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணி. சிந்தாதிரிப்பேட்டை. மாமா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

“மீசையைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“கடிதாசியைப் படிச்சாரா?”

“ரெண்டு தரம் படிச்சார்.”

“வேலை இன்னாச்சு, சொல்லேன்டா” என்று வாய் நிறைய நுரையோடு கேட்டார் மாமா.

அதற்கு ரயில் முழுக்க ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். நாற்பத்தைந்து ரூபாயை ஏன் விட்டேன் என்று பதமாக எடுத்துச் சொல்லும் நீளமான பதில். ஆனால் மாமா வெறும் பனியனோடு நின்றாரா, என் கண் தானாக அவர் கையில் போய் விழுந்தது. மை இல்லை.

“மாமா, ஊசி போட்டாச்சா?” என்றேன்.