மாமனாருக்கென்று கட்டி வைத்த பை

எங்கள் வீட்டு நடுக்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலப் பை தொங்குகிறது. அதை அங்கே மாட்டியவள் நான்தான். அந்தப் பை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முழுசாக நம்பியதில்லை.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. தராசு முள்ளைப் பார்க்காமல் தக்காளி வாங்க மாட்டேன். கல்யாணம் செய்து கொடுத்த வீடும் எனக்கேற்ற வீடுதான். நாகலாபுரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லை ஓரமாக, ஆந்திராப் பக்கம் ஒரு ஊர். எங்கள் வயலின் கடைசி வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால் திருப்பதிதான். பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர், வடமாலப்பேட்டை என்று வரிசையாக எல்லாவற்றையும் கடந்து போகவேண்டும்.

முன்பு ஒரு முறை மாமனாருக்கு மாரடைப்பு வந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்ததால் எங்கள் வண்டியை ஓட்ட ஆளில்லை; பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் இரண்டு ஊரில் கேன் இறக்கிவிட்டுத்தான் வண்டிக்காரர் நகர்ந்தார். பிழைத்தது பெருமாள் புண்ணியம். "இவ்ளோ தூரத்துல இருக்கறவங்க முன்னாடியே எல்லாம் யோசிச்சு வெச்சிருக்க வேணாமா?" என்று டாக்டர் திட்டினார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வந்தார்கள். நான் அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தேன்.

பையில் மாமனாரின் ஈசிஜி, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார், ஆரோக்கியக் கார்டு எல்லாம் வைத்தேன். ஒரு வேட்டி, துண்டு, சொம்பு, போன் சார்ஜர் வைத்தேன். முக்கியமாக, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை.

என் மாமியார் பையைப் பார்த்த மாத்திரத்தில் முகம் சுருங்கினார்.

"இன்னாத்துக்கு இப்பவே மூட்ட கட்டி வெச்சிக்கீற? உங்கம்மா வூட்டுக்குப் போறியா?"

"மாமாவுக்கு அத்த. ஆஸ்பத்திரிக்குப் போறாப்பல ஆனா கைல எடுத்துக்கினு கிளம்பலாம்ல."

"நல்லாக் கீற மனுசனுக்கு நாள் குறிக்கிறியா? வாயால சொன்னாலே வந்துடும். நீ பையே கட்டிட்ட."

மறுநாள் பையைத் திறந்தால் உள்ளே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. பெருமாளுக்கு முடிந்து வைக்கிற காணிக்கை. என் பைக்குப் பரிகாரம்! நான் எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தேன். அடுத்த நாள் அது பைக்குள் திரும்பி வந்திருந்தது. மாமியார் வைக்க, நான் எடுக்க, முடிச்சு மாடத்துக்கும் பைக்குமாக நடந்துகொண்டிருந்தது.

பைக்கு அடுத்தது போன். எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர்தான் கிடைக்கும். பக்கத்துத் தெருப் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது அந்தப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "அது ஆந்திராவாச்சேம்மா" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். தன்மையாகச் சொன்னால் பிள்ளை நின்று வருமா? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஆராய்ந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றால் ஆந்திரா டவர் கிடைக்கிறது. ஆபத்து என்றால் அங்கே ஓடிப்போய்த்தான் பேசவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். "மாட்டுக்கு வைத்தியம் பாக்கறாங்கன்னு நெனைச்சுக்கப் போறாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் இருக்கவே இருக்கிறது எங்கள் குட்டியானை. மாங்காய் ஏற்றுவதற்காக வாங்கிய சின்ன லோடு வண்டி. மாரடைப்புக்கு முன்னால் மாமனார்தான் ஓட்டுவார். டாக்டர் வேண்டாம் என்றதும் சாவி என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். ஷிப்ட் இல்லாத நேரத்தில் அவர்தான் டிரைவர். திட்டத்தில் அவருக்கு அந்த வேலைதான்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. புரட்டாசியில் எங்கள் ரோடு முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை. தமிழ்நாட்டிலிருந்து திருமலைக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். "மாமா, எது வந்தாலும் புரட்டாசி கழிச்சு வரணும்" என்றேன். "சரிம்மா, சொல்லி வெக்கிறேன்" என்றார் அவர். யாரிடம் சொல்லி வைப்பார் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் மாத்திரை குறைய ஆரம்பித்தது.

முதலில் நானே சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்தேன். புது அட்டை வாங்கி வைத்தேன். அதிலும் குழிகள் காலியாயின. மாமனாரிடம் கேட்டேன்.

"மாமா, வலி ஏதாச்சும் வருதா? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாரி கீறேன். நீதான் என்ன ஒக்கார வெச்சிப் பாத்துக்கினு கீற."

பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது. ஆனால் அவர் வேறொன்றை மறைப்பது எனக்குத் தெரியும். வண்டியில் டிரைவர் சீட்டு அடிக்கடி முன்னால் தள்ளியிருந்தது. என் வீட்டுக்காரர் நெட்டை, மாமனார்தான் குள்ளம். மகன் ஷிப்டுக்குப் போன பிறகு கிழவர் திருட்டுத்தனமாக ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்க்கிறார். அது தனி வழக்கு என்று தள்ளி வைத்தேன்.

மிச்சம் மாமியார். பையே ஆகாது என்றவர், பையிலிருக்கும் மாத்திரையைத் தூக்கி எருக்குழியில் போடமாட்டாரா? நான் சமையலறையில் இருந்தபடியே கதவிடுக்கில் ஒரு கண் வைத்தேன். அவரும் அரிசி புடைத்துக்கொண்டே கதவைப் பார்ப்பதைப் பார்த்தேன். நான் பையைத் தொட்டால் அவர் முறத்தைக் கீழே வைப்பார். அவர் பை பக்கம் போனால் நான் அடுப்பை அணைப்பேன். ஒரு மருந்துப் பைக்கு இரண்டு காவல்காரிகள், இருவருக்கும் ஒருவர் மேல்தான் ஒருவருக்குக் கண்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் வேறு மாறிப்போனார். சாப்பிட்டு எழுந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பின்னால் போவார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பார். "யாரு போன்ல?" என்றால் "சூப்பர்வைசரு" என்பார். முன்வாசலில் அருமையாகச் சிக்னல் இருக்கும்போது சாணி நாற்றத்தில் நின்றுகொண்டு எந்த ஆம்பளை சூப்பர்வைசரிடம் பேசுவான்? கம்பெனி பஸ்ஸில் நிறையப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். சொந்தமாக ஆராய்ந்து கண்டுபிடித்த இடத்தை நானே இதற்குக் காட்டிக் கொடுத்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தார். "துன்னுட்டுப் போயேன்டா" என்று மாமியார் கத்தியும் நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று செருப்பில்லாமல் பின்னாலேயே போனேன். பேச்சுக்குரல் கேட்கவில்லை. கொஞ்சல் ரகசியமாகத்தானே இருக்கும் என்று சுவரோரமாக எட்டிப் பார்த்தேன்.

அவர் தொட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். போன் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் மாத்திரை அட்டை.

"சத்தம் போடாத" என்றார். "எப்பவும் வெச்சா நின்னுடும். இன்னிக்கி நிக்கல."

"யோவ், எப்பவும்னா? எத்தினி நாளா?"

"கம்பெனில தெரிஞ்சா அடுத்த கான்ட்ராக்ட்ல பேர் இருக்காதுன்னு..." அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான். அவர் நெஞ்சை விட்டுவிட்டு அவர் போனைப் பிடிக்க வந்திருந்தேன். நல்லவேளை, நின்ற இடம் சரியான இடமாக இருந்தது. அவர் போனையே எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்கள், ஊரும் புரிந்தது. ஆனால் எங்கள் பக்கத்து வண்டி வேறொரு நோயாளியோடு திருப்பதிக்குப் போயிருந்தது. திரும்பி வர நேரமாகும் என்றார்கள்.

அப்படியானால் குட்டியானை. டிரைவர்?

டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

என் கூச்சலில் வெளியே வந்த மாமனார் மகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். "நைனா, நீ வேணாம்" என்று இவர் முனகினார். "வாய மூடிக்கினு ஏறுடா" என்றார் அவர். சீட்டைச் சரிசெய்ய வேண்டிய வேலையே இல்லை. அவர் காலுக்குத் தகுந்த மாதிரி ஏற்கனவே முன்னால்தான் இருந்தது. பக்கத்தில் இவரை உட்கார வைத்து நான் தாங்கிக்கொண்டேன். மாமியார் நீலப் பையோடு பின்னால், காலி மாங்காய்க் கிரேட்டுகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார்.

நாராயணவனம் தாண்டியதும் ரோடு மஞ்சளாகிவிட்டது. ஹாரன் அடித்தால் நடக்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி, மறுபடி ரோட்டிலேயே கலந்தார்கள். லோடு வண்டிக்கு எவன் வழி விடுவான்? அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "கோவிந்தா! கோவிந்தா! எம் புள்ளைக்கு வழி வுடுங்கடா, கோவிந்தா!" கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, முடிச்சை அவிழ்த்த மஞ்சள் துணியை வீசிக்கொண்டிருந்தார். கூட்டம் பதிலுக்குக் கோவிந்தா போட்டபடி இரண்டாகப் பிளந்தது. முன்னால் போகிறவர்களுக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து எங்கள் வண்டியை முன்னால் அனுப்பிவைத்தார்கள். எத்தனை முறை அந்தத் துணியைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்திருப்பேன்!

திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மாமியார் பையை நர்ஸ் கையில் திணித்தார். நர்ஸ் பைலைப் பிரித்துப் பார்த்து, யாருடையது என்று தெலுங்கில் கேட்டார்.

"ஈ ரிப்போர்ட்டு எவரிதம்மா?"

"நாதே" என்றார் மாமனார், சாவியோடு கையைத் தூக்கி. என்னுடையதுதான் என்று உண்மையைத்தான் சொன்னார். அடுத்த நிமிடம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் எழுந்திருக்கப் பார்க்க, தோளைப் பிடித்து அமுக்கினார்கள். "நேனு காது, நா கொடுக்கு, நா கொடுக்கு" என்று, தான் இல்லை, தன் மகன் என அவர் இவரைக் காட்டிக் கத்திய பிறகுதான், என் தோளில் சரிந்து நின்றவர்தான் நோயாளி என்பது அவர்களுக்கு விளங்கியது. அத்தனை கவனமாகக் கட்டிய பையில் என் புருசனுடையது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் அழுதேன், வராந்தாவில் எல்லோரும் பார்க்க வாய்விட்டு. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் உன்னதான் நெனைச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"என்னயா? இன்னான்னு?"

"மாத்திர கொறைஞ்சிக்கினே போச்சே. நீதான் சோத்துல கீத்துல கலந்து எனக்குப் போடறியோன்னு."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "நான், நீங்க எருக்குழில போடறீங்கன்னு நெனைச்சேன் அத்த" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காசு போட்டு வாங்கிய பொருளைத் தூக்கிப் போடுகிறவளா அவர் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்போது நீலப் பையில் நாலு பேருக்கும் தனித்தனியாகப் பைல் இருக்கிறது. மாமியாரிடம் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நான் வண்டி ஓட்டப் பழகுகிறேன். சொல்லிக் கொடுப்பவர் மாமனார்; கத்துவதில் குறைச்சல் இல்லை. இவருக்குக் கம்பெனியில் பாரம் தூக்காத வேலை கொடுத்திருக்கிறார்கள். மறைத்திருக்கவே தேவையில்லை என்று சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுப் போனார். அப்படி ஒரு சூப்பர்வைசர் உண்மையிலேயே இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் இவர் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பையைத் திறந்தேன். மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. சட்டைப் பையில் ஒன்று தனியாக வாங்கி வைத்திருந்தால்?

"யாருகிட்ட பேசறான்னு போய்ப் பாருடி" என்றார் மாமியார்.

பெருமாளே, இந்தத் தடவையாவது எவளோ ஒருத்தியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பின்னால் போனேன்.