பிசிறு வெட்டிய டயர்

அவர் ஒரு சட்டை கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். தைத்து முடித்த சட்டை எதுவானாலும், பெட்டிக்குள் போகுமுன் அவர் மேசைக்கு வந்தே தீர வேண்டும். காலரைத் திருப்புவார். கைப்பட்டையை இழுப்பார். பொத்தான் துளையை விளக்குக்கு நேரே பிடிப்பார். ஒரே ஒரு நூல் பிசிறு தலைநீட்டினால் போதும், சட்டை தைத்தவள் மடியில் வந்து விழும்.

"இது சட்டையா, முள்ளம்பன்றியா?" என்பார்.

தையல் பெண்கள் அவரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்வார்கள். எதிர்த்துப் பேசியவர் யாரும் இல்லை. அவர் விரல் வைத்த இடத்தில் பிசிறு இருக்கும், அதுதான் காரணம்.

துணி விஷயத்தில் இத்தனை கறாரான மனிதர், தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் கயிறு திரிப்பார். அதற்குத் தோதாக ஒரு பைக் வேறு வாங்கி வைத்திருந்தார். பழைய வண்டிதான். ஆனாலும் நல்ல உயரம், கொக்கின் மூக்கு போல நீண்ட மட்கார்டு. காட்டுக்குள் பாய்வதற்கென்றே பிறந்தது போலத் தெரியும். சக்கரங்கள் மட்டும் ரோட்டு பைக்கின் சக்கரங்கள்: சின்னவை, அகலமானவை, வழவழப்பான டயர் போட்டவை. தார் ரோட்டில் சாய்ந்து சாய்ந்து ஓட்டுவதற்காகச் செய்த அந்த ரகத்துக்கு சூப்பர்மோட்டோ என்று பெயர். கம்பெனியில் யாருக்கும் இந்த விவரம் தெரியாதது மாஸ்டருக்குப் பெரிய வசதி.

ஞாயிறுதோறும் அவர் மலையேறினார். அதாவது, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஏறினார். சேற்றில் சறுக்கினார், ஓடையைத் தாண்டினார், ஒரு தடவை பாறை விளிம்பிலிருந்து வண்டியோடு பறந்துகூட இறங்கினார். உண்மையான ஞாயிற்றுக்கிழமையில் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டு, அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படிப்பார். வரும் வழியில் காய்கறி வாங்குவார். இது அவர் மனைவிக்குத் தெரியும். அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுபவள். அவர் வாழ்க்கையிலும் எல்லாக் கணக்கும் அவளிடம் வந்துதான் சேரும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கம்பெனிக்குப் புதிதாக ஒரு மெஷின் மெக்கானிக் வந்து சேர்ந்தான். தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது வேலை, விடுமுறை நாளில் மண்ணில் பைக் ஓட்டுவது பைத்தியம். மாஸ்டரின் வண்டியைப் பார்த்ததும் உருகிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு குனிந்தான்.

"மாஸ்டர், இது ரோட்டு டயராச்சே. இத வச்சுக்கிட்டா மலையேறினீங்க?"

ஜன்னலுக்கு உள்ளே பொத்தான் தைக்கும் பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"தம்பி, இது வேலைக்குப் போட்டுட்டு வர்ற செருப்பு," என்றார் மாஸ்டர். "மண்ணுக்குன்னு தனி வீல் செட்டு வீட்ல இருக்கு. சனிக்கிழமை மாத்துவேன். திரும்பி வந்ததும் பழையபடி மாட்டிடுவேன்."

"அடேங்கப்பா, வாராவாரமா?"

"கைப்பழக்கம்தானே."

"அப்ப வர்ற ஞாயிறு எங்ககூட வந்துடுங்க மாஸ்டர். ஊருக்கு வெளிய பழைய கல்குவாரி இருக்கு. பசங்க சேர்ந்து போறோம். உங்ககிட்ட கத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்," என்றார் மாஸ்டர்.

"பாத்துக்கலாம் இல்ல, போயிட்டு வந்து எங்களுக்குச் சொல்லணும்," என்றாள் பொத்தான் தைப்பவர்களில் ஒருத்தி, ஊசியில் நூலைக் கோத்தபடி.

மலையேறிய கதை பொய் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு எந்தச் சட்டையைத் திருப்பி எறிவது? எறிந்தால் யார் வாங்கிக்கொள்வார்கள்? அவர் அதிகாரம் முழுவதும் 'இவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்ற ஒரே நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே வீல் தேடிப் புறப்பட்டார். பழைய உதிரிபாகக் கடையில் பொருத்தமான ரிம் கிடைத்தது. முன்னால் பெரிதாக, ஒல்லியாக ஒன்று. பின்னால் அதைவிடக் கொஞ்சம் சிறியதாக ஒன்று. டயரும் பழசாகவே வேண்டும் என்றார்.

"மண் டயர பழசா யாரும் விக்க மாட்டாங்க சார்," என்றார் கடைக்காரர். "மொட்டையாகுற வரைக்கும் ஓட்டிட்டுத்தான் கழட்டுவாங்க. புதுசு போட்டுக்கோங்க."

புதுசு போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம், குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வேலை தொடங்கியது. வண்டியின் வயிற்றுக்கு அடியில் மரப்பெட்டியைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மனைவி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய சக்கரம் கழன்றது, புதுசு ஏறியது. அச்சு உள்ளே போய் நட்டு இறுகியதும் மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன் பிரேக்கை அழுத்தினார். அது கைப்பிடி வரைக்கும் வந்து இளித்தது.

"ஏங்க, இங்க பாருங்க," என்றாள் மனைவி. "இந்தப் பிடிக்கிறதும் அந்தத் தட்டும் ஒண்ணையொண்ணு தொடவே இல்ல. சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது."

ரோட்டுச் சக்கரத்தில் பிரேக் தட்டு பெரியது. மண் சக்கரத்தில் சிறியது. பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் அது காற்றைத்தான் பிடிக்கும். 'வாராவாரம்' மாற்றுகிறவர் கடைக்குத் திரும்ப ஓடி, அதையும் வாங்கி வந்தார்.

எல்லாம் முடிந்து பெட்டியை உருவியதும் வண்டி ஒரு சாண் வளர்ந்திருந்தது போலத் தெரிந்தது. சைடு ஸ்டாண்டு அதற்கு எட்டவில்லை. குடித்துவிட்டு வந்தவன் சுவரைத் தேடுவது போல வண்டி இடப்பக்கம் சரிந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தார்கள். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கால் கட்டை விரலின் நுனி மட்டும் தரையைத் தடவியது.

"நீயும் ஏறிப் பாரேன்," என்றார்.

"ஏணி வாங்கிக் குடுங்க, ஏறுறேன்."

பிறகுதான் அவர் கண்ணில் அது பட்டது. புது டயரின் உடம்பு முழுக்க, நடுவில், ஓரத்தில், கட்டை கட்டையாகப் புடைத்த ரப்பருக்கு இடையில், மெல்லிசாகப் பிசிறுகள் நீட்டிக்கொண்டிருந்தன. இதைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், டயர் மண்ணையே மிதிக்கவில்லை என்று. அவருக்கோ பிசிறைப் பார்த்தாலே கை ஊறும். வேலைக்கு வைத்திருக்கும் நூல் கத்தரியை எடுத்துவந்து, மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். அடியோடு ஒட்ட, மிச்சம் தெரியாமல்.

"சேத்த அப்பினாப் போதாதா?" என்றாள் மனைவி.

"சேறு காஞ்சு உதிர்ந்துட்டா? நீ சும்மா இரு. கண்ணுல படுற எதையும் விடக் கூடாது."

கடைசிப் பிசிறும் போன பிறகு, அவளுடைய பால்கனித் தொட்டியிலிருந்து மண் எடுத்துக் குழைத்துப் பூசினார். தொட்டியில் இருந்த செடிக்கு நியாயம் கேட்க ஆளில்லை.

ஞாயிறு காலை கல்குவாரி. நடைபாதை ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் ஊன்றி, ஒருவழியாக வந்து சேர்ந்தார். மெக்கானிக்கும் அவன் கூட்டாளிகளும் முன்னமே வந்திருந்தார்கள். அடிபட்டு, கீறி, தகடு நசுங்கிய வண்டிகள். மாஸ்டரின் கண் சும்மா இருக்குமா? வழக்கம்போல மேய்ந்தது. மேய்ந்த கண் அப்படியே நின்றது.

அவர்கள் டயரெல்லாம் நடுவில் தேய்ந்து உருண்டு போயிருந்தது. ஆனால் பக்கவாட்டில், தரை படாத இடத்தில், பிசிறு அப்படியே இருந்தது. அழுக்கேறி, வளைந்து, ஆனாலும் இருந்தது. எத்தனை மலை ஏறினாலும் அந்த இடம் தேயாது போலிருக்கிறது.

அவர் டயரில் எங்குமே ஒரு பிசிறு இல்லை.

மாஸ்டர் மெல்ல நகர்ந்து முன் சக்கரத்தை மறைத்து நின்றார். பின் சக்கரம் தெரிந்தது. கொஞ்சம் பின்னால் போனார். முன் சக்கரம் தெரிந்தது.

"என்ன மாஸ்டர், வார்ம் அப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்த மெக்கானிக், வண்டியருகே குந்தினான். டயரின் ஓரத்தை விரலால் தடவினான். முகம் மாறியது.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா!"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்கடா. ஓரத்துலகூட ஒரு பிசிறு இல்ல! எவ்வளவு சாய்ச்சு ஓட்டினா இந்த இடம் தேயும்! நாமளும் ஓட்டுறோம்னு சொல்லிக்கிறோம், வெக்கமா இல்ல?"

கூட்டாளிகள் பக்தியோடு பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம், உலகமே அவரைப் பாஸ் பண்ணிவிட்டது போலிருந்தது.

"அப்ப இன்னிக்கு மாஸ்டர்தான் முதல்ல," என்றான் மெக்கானிக். "அதோ அந்தச் சரிவுல ஏறித் தடம் காட்டுங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். சரிவு என்று அவன் சொன்னது ஒரு சுவர். அதில் சரளைக்கல் கொட்டிக் கிடந்தது. ஏறினால் திரும்பி வருவது மூட்டையாகத்தான். ஏறமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒரு எரிச்சல் மட்டும் அடங்காமல் துருத்திக்கொண்டு வந்தது. எத்தனை பேர் குனிந்து பார்த்தும் ஒருத்தன் கண்ணில் குறை படவில்லையே! இவனை மேசையில் உட்கார வைத்தால் கம்பெனி என்ன ஆகும்?

"தம்பி, நீ இந்த டயர நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனே மாஸ்டர்."

"என்னத்தப் பாத்தே? இந்தக் கட்டையோட முனையத் தொடு. குத்துதா?"

"குத்துது."

"ஓரம் வரைக்கும் தேஞ்ச டயர்ல முனை மட்டும் எப்படிக் குத்தும்? அறிவு வேண்டாம்? பிசிறு இருந்த இடத்தப் பாரு. தேஞ்சிருந்தா மழுங்கியிருக்கும். இது ஒட்ட வெட்டினது. ஒரு இடத்துல ஏத்த இறக்கம் காட்டு பாப்போம்!"

"யாரு மாஸ்டர் வெட்டினது?"

"யாரு வெட்டுவா? நான்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. மெக்கானிக் தலை குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

"அப்ப... அந்த ஓடை?"

"இல்ல."

"பாறையில இருந்து பறந்தது?"

"வாட்டர் வாஷ் கடையில தரை கொஞ்சம் வழுக்கும்," என்றார் மாஸ்டர்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்குக் கம்பெனியில சொல்லிடுவியா?" என்று கேட்டார்.

"நான் சொல்ல மாட்டேன்னுதான் நெனைக்கிறேன் மாஸ்டர்," என்றான் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா பொத்தான் அக்கா கேப்பாங்களே. அவங்க முகத்தப் பாத்து எப்படிச் சிரிக்காம இருக்கிறது?"

சாப்பாட்டுப் பையை அவர் காலடியில் வைத்து, நாய் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சரிவேறிப் போனார்கள். சத்தம் தேய்ந்து மறைந்தது.

மாஸ்டர் தனியாக நின்றார். பக்கத்தில் கல்தூள் குவியல் ஒன்று இருந்தது. பெரிதில்லை, இடுப்பளவு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியில் ஏறினார். முதல் தடவை பாதியில் இன்ஜின் நின்று, வண்டி சாய்ந்து, முழங்கை சிராய்த்தது. அடுத்த தடவை குவியலைப் பார்த்ததும் கையே பிரேக்கைப் பிடித்துவிட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். பின் சக்கரம் தூளை வாரி இறைத்தது. முன் சக்கரம் வானத்தைப் பார்த்தது. என்ன நடந்தது என்று புரியுமுன் அந்தப் பக்கம் இறங்கி நின்றிருந்தார், வண்டிமேலேயே, விழாமல்.

திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுப் பையில் தலையை விட்டிருந்த நாய் நிமிர்ந்து பார்த்தது. மறுபடி குனிந்துகொண்டது.

திரும்பி வந்தவர்களிடம் சொன்னார். "ஆமா மாஸ்டர், ஏறியிருப்பீங்க," என்றார்கள், காலிப் பையைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சிராய்ப்பைப் பார்த்தாள். மருந்து எடுத்து வந்தாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் குரல் தணிந்து, "ஆனா அந்தக் குவியல்ல ஏறி இறங்கிட்டேன்," என்றார்.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. ஒரு நாய் இருந்துச்சு. அதுவும் சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு."

அவள் பஞ்சை மருந்தில் நனைத்தாள்.

"அப்ப நிஜமாத்தான் இருக்கும்," என்றாள். "பொய்யா இருந்தா ஊரே பாத்திருக்குமே. கைய நீட்டுங்க, எரியும்."