ஜித்தா எந்தத் திசை, ரீயூனியன் எந்தக் கண்டம்?

பார்சல் கடைக்காரனுக்கு உலகம் உருண்டை இல்லை. கம்பெனி சுவரில் மாட்டச் சொன்ன மண்டல அட்டவணை எந்த வடிவமோ அதுதான் உலகம். எங்கோ ஏசி அறையில் எவனோ பெயர் வைத்துவிடுகிறான், திட்டு வாங்குவது நாம். நீங்களும் கவுன்டர் பின்னால் பிழைப்பவர் என்றால் தலையாட்டுவீர்கள்.

மேற்கே இருக்கும் கிழக்கு

எங்கள் பாண்டிச்சேரி முல்லா வீதி ஜவுளிக்கடை பாய், ஜித்தாவில் இருக்கும் மகனுக்குக் கைலி அனுப்ப வந்தார். ரசீதில் ‘மத்தியக் கிழக்கு’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிழக்கா? எவன் சொன்னான்?” லண்டன்காரனுக்கு அது கிழக்கு, பேர் வச்சது அவன் என்றேன், எரிச்சலோடு. பாய் வாசலுக்குப் போய்க் கிழக்கே கடல் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“அஞ்சு வேளையும் மேற்கப் பாத்துதான் தொழறேன். கைலிய நீ கிழக்கால கடல்ல போட்டுடாதப்பா!”

வரைபடத்தைப் பாருங்க சார்

கருவடிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு மரியாதைப்படி அவரை முசே என்றுதான் கூப்பிடுவேன். மகள் ரீயூனியன் தீவில். தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. பிறந்த பிள்ளையை முதலில் வீட்டுப் பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தன் வேட்டியை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

அட்டவணையில் அந்தத் தீவு ‘ஆப்பிரிக்கா’வில் கிடந்தது. ஐரோப்பா பார்சல் தினம் கிளம்பும். ஆப்பிரிக்கா பார்சல் மூட்டை சேர்ந்தால்தான் கிளம்பும். “அது பிரான்ஸ் தம்பி! எம்பொண்ணு அங்கேர்ந்துதான் பிரெஞ்சு ஜனாதிபதிக்கு ஓட்டு போடறா” என்றார் முசே. தீவை ஐரோப்பாவில் சேர்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவன் வரைபடத்தைப் பார்க்கச் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“வரைபடத்துல ஏனாம் எங்கய்யா இருக்கு?”

“ஆந்திராவுக்குள்ள.”

“எந்த ஆட்சி?”

“பாண்டிச்சேரி...”

“பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன ஊருக்கே இந்தக் கணக்குன்னா, விடாம வச்சிருக்கற தீவுக்கு?”

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தான். பேரத்தில் எதிராளி இழுத்தால் பாதி இறங்கிவிட்டான் என்று அர்த்தம். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான்:

“சரி சார், பிரான்ஸ்னே போடுங்க. ஆனா பாரிஸ் போயிட்டுத்தான் தீவுக்குப் போகும், பரவால்லையா?”

சுற்றிப் போன வேட்டி

நம் இந்தியப் பெருங்கடலிலேயே தெற்கே கிடக்கும் தீவுக்கு வேட்டி பாரிஸ் வழியாகப் போனது. முசே தினமும் வந்து, “எங்க இருக்கு?” என்பார். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வேன். பாரிஸில் அது அசையாமல் கிடந்தபோது நான் போனில் கத்திய கத்தலுக்குப் பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஓடிவந்தார். பிறகு ஒரு காலை, முசே வாசலிலிருந்தே செல்போனை நீட்டினார். கசங்கிய வேட்டிக்குள் சிவந்த சின்ன முகம். வலி எடுப்பதற்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்ததாம்.

“பேரன், தம்பி! எந்தக் கண்டத்துல பொறந்தான்னு மட்டும் உன் அட்டவணையக் கேட்டுடாத.”

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊருக்குப் பெயர் வைக்கிறவன் எவனும் அந்த ஊருக்கு ஒரு பார்சல்கூட அனுப்பிப் பார்த்தவன் இல்லை.