மூலைக் கட்டிலின் வடக்கு

போன மாரிகாலம், யாழ்ப்பாணத்தில் நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது இது. அங்கே எதையும் பெரிதாக மனதில் எடுக்காமல் வேலை பார்க்கப் பழகியவள் நான். இது மட்டும் மனதிலேயே நின்றுவிட்டது.

மூலைக் கட்டிலில் இணுவில் பக்கத்து விவசாயி ஒருவர் கிடந்தார். அறுபதைத் தாண்டியவர். நியூமோனியா முற்றி மயக்கத்திலேயே கொண்டுவந்தார்கள். வாய்வழியே குழாய் போட்டு வென்டிலேற்றரில் விட்டோம். மருந்துக்கு நெஞ்சு தெளிந்தது, ஆளும் கண் விழித்துவிட்டார். இனி இயந்திரத்தை விட்டுத் தானாக மூச்சு எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். சாதாரணமாக நாங்கள் மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடியில் இருக்கிற தசை கீழே இறங்கும், நெஞ்சு விரியும், காற்று தானாக உள்ளே வரும். வென்டிலேற்றர் செய்வது வேறு வேலை. அது காற்றை உள்ளே தள்ளும். அது தள்ளத் தள்ளத் தசை சோம்பேறியாகிவிடும். அதனால் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆளைத் தானே இழுக்கவிட்டுப் பார்ப்போம்.

இவர் அந்தச் சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தார். உதவியைக் குறைத்ததும் வேர்க்கும், கண் மிரளும், மூச்சு சின்னச் சின்னதாக ஓடத் தொடங்கும். அந்த மாதிரி மூச்சு தொண்டைக் குழாய்க்குள் போய்த் திரும்புமே தவிர சுவாசப்பையின் அடிவரை போகாது. வாளியைக் கிணற்றில் பாதிவரை இறக்கி இறக்கி இழுக்கிற மாதிரி. கைதான் நோகும், தண்ணீர் வராது. நாளைக்கும் ஏலாதென்றால் கழுத்தில் துளை போட்டு இயந்திரத்தைத் தொடரவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்படித் தொடரும்போது புதுக் கிருமி பிடிக்கும். அந்த வயதில் அதிலிருந்து திரும்பாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் அவர் கையால் ஏதோ காட்டிக்கொண்டே இருந்தார். தலைக்குப் பின்னால் காட்டுவார், பிறகு விரலை ஒரு சுற்றுச் சுற்றுவார். தலையணையை மாற்றினோம். முதுகைத் தடவிவிட்டோம். ஃபானைப் போட்டோம், நிற்பாட்டினோம். மனிதர் வெறுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். குழாய் தொண்டைக்குள் இருக்கும்வரை குரல் வராது. எழுதிக் காட்டக் கையில் பலமில்லை.

பின்னேரம் பார்க்க வந்த மனைவிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"தலை வடக்கையோ கிடக்கு?" என்று குனிந்து கேட்டார். கணவர் ஓமென்று தலையை ஆட்டிய ஆட்டில் இயந்திரமே கத்தத் தொடங்கிவிட்டது.

"ஐயோ மிஸ்ஸி, உயிரோடை இருக்கிற மனிசனை ஆரும் வடக்கை தலை வைச்சுக் கிடத்துவினமே? அந்தப் பயத்திலைதான் இந்த மனிசனுக்கு மூச்சு வரேல்லை!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டொக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"கட்டிலைத் திருப்பினா மூச்சு வருமெண்டால் நான் ஏன் இவ்வளவு காலம் படிச்சனான்?" என்றார். பிறகு, "குழாய் எட்டுமெண்டால் திருப்பிவிடுங்கோ. ஆள் பயமில்லாமல் கிடந்தா அதுவே காணும்" என்றார்.

மூலை என்றபடியால் இடம் இருந்தது. தலைமாடு இருந்த சுவரோடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி, அந்தச் சுவரைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தலை வரக் கட்டிலைத் திருப்பினோம். இயந்திரத்தையும் மருந்துப் பம்புகளையும் இழுத்து, வயர்களை எல்லாம் தூக்கிப் பிடித்து, எங்களுக்கு நாரி, இடுப்பெல்லாம் முறிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார். அன்று நன்றாக நித்திரை கொண்டார்.

அடுத்த நாள் காலை சோதனையைத் தொடங்கினோம். மூச்சு நிதானமாக, ஆழமாக வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கட்டில் நோயாளியின் தம்பி போனைக் கையில் பிடித்தபடி வந்தார். நகரத்து முஸ்லிம் குடும்பம்.

"மிஸ்ஸி, நானாவுக்காக அல்லாட்டை ஒரு துஆக் கேக்கோணும். மேற்கு இந்தச் சுவர்ப் பக்கந்தானே? போன் அப்பிடித்தான் காட்டுது."

அவர் காட்டியது, முதலில் விவசாயியின் தலைமாடு இருந்த சுவர். அது மேற்கென்றால், அவர் முன்பு கிடந்ததில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் பாடுபட்டுத் திருப்பி வைத்திருப்பதுதான் அசல் வடக்கு! விவசாயியைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. திரையில் மூச்செண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"உந்தக் கதையை வெளியிலை கதைப்பம், வாங்கோ" என்று அந்தத் தம்பியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறி, "அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துக் கேக்கிறன்" என்று அங்கேயே மேற்கைப் பார்த்து நின்று கையேந்தினார்.

நான் திரும்பி வந்தபோது எண் இறங்கியிருந்தது. மத்தியானம் குழாயைக் கழற்றினோம்.

தை பிறந்த பிறகு கிளினிக்குக்கு வந்தவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைத் தேடி வந்தார். பொதுவாகக் கதைத்துவிட்டு, மனைவி அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்ஸி, அண்டைக்கு அந்தப் பொடியன் மேற்கெண்டு சொன்னது எனக்குக் கேட்டது."

வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தேன்.

"பிழை என்ரைதான். கோயில் மணிச் சத்தத்தைக் கொண்டெல்லோ திசை பிடிச்சனான்! எங்கடை ஊரிலை நாலு பக்கமும் கோயில், எந்த மணியெண்டு மாறிப்போச்சு. இன்னொருக்காத் திருப்பச் சொன்னால் நீங்கள் என்னைக் குழாயோடை றோட்டிலை விட்டிருப்பியள்."

"பயமா இருக்கேல்லையே ஐயா?"

"முதல் கொஞ்சம் பக்கெண்டுதான் இருந்தது. பிறகு யோசிச்சன். நான் கை காட்டினது விளங்கி, இத்தினை பேர் சேந்து கட்டிலைத் தூக்கித் திருப்பினவை. செத்தவனுக்கு ஆர் உவ்வளவு செய்வினம்?"

இப்போதும் குழாயோடு கிடக்கிற யாராவது கை காட்டினால், அவர் ஓம் என்று தலையாட்டும்வரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகர்வதில்லை.